இறுக்கு சாரின் கண்ணாடி

இறுக்கு சார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். இயற்பியல் துறையில் இணைப் பேராசிரியர். கையில் எது அகப்பட்டாலும் இறுக்காமல் விடமாட்டார். அவர் மூடிய குழாயைத் திறக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வரவேண்டும். சர்க்கரை டப்பாவை அவர் தொட்டுவிட்டால் அன்று வீட்டில் எல்லோருக்கும் கசப்புக் காபிதான்.

“இவரைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஸ்பானரைக் கட்டியிருக்கலாம். அதாச்சும் கழட்டவும் செய்யும்,” என்பார் மனைவி.

சார் ஆராய்வது எலக்ட்ரானின் தற்சுழற்சியை. குறைக்கடத்திக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகளில் எலக்ட்ரான்களை அடைத்து, காந்தப்புலத்தைக் காட்டினால் அவற்றின் சுழற்சி ஒரு பக்கமாகத் திரும்பும். புள்ளி உமிழும் ஒளியும் அதற்கேற்ப வலமோ இடமோ முறுக்கிக்கொண்டு வரும். ஊரெல்லாம் இதற்கு யானைக் காந்தம் வைத்துக்கொண்டு திணற, நம்மவர் சுண்டைக்காய்க் காந்தத்தில் சாதித்துவிட்டார். முழுப் பேராசிரியர் பதவிக்கு இதைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். வாசலுக்குப் புதுப் பெயர்ப்பலகைகூடச் செய்யச் சொல்லியாகிவிட்டது.

“சார், காந்தத்தத் திசை மாத்தி ஒரு தரம் பாத்துடலாமே?” என்றாள் ஆராய்ச்சி மாணவி. புலம் திரும்பினால் சுழற்சியும் திரும்பவேண்டும், ஒளியின் முறுக்கும் மாறவேண்டும்.

“வேலியில போற ஓணானப் பிடிச்சு மடியில விட்டுக்கச் சொல்றியாம்மா?”

அவளுடைய பட்டம் அவர் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பதவிக்கான தேர்வுக்குழுவிலிருந்து வந்த அம்மையார் நேராக ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். ஒளியின் முறுக்கைக் காட்டித் திரையில் உயர்ந்து நின்ற கோட்டைப் பார்த்தார்.

“பிரமாதம். இப்ப திசைய மாத்துங்க.”

மாற்றினார்கள். கோடு அசையவில்லை.

“சரி, காந்தத்தையே அணைங்க.”

அப்போதும் குத்துக்கல்லாக நின்றது.

“பாத்தீங்களா மேடம், எவ்வளவு உறுதி!” என்றார் சார்.

அம்மையார் புள்ளிகள் இருந்த குளிர்கலத்தை நெருங்கி, ஒளி வெளியேறும் கண்ணாடி ஜன்னலைச் சுற்றியிருந்த திருகுகளைத் தடவினார்.

“இத யாரு இவ்வளவு இறுக்கினது?”

“நானேதான். வேற யாரையும் தொட விடமாட்டேன்.”

திருகுசாவி வாங்கி ஒவ்வொரு திருகையும் கொஞ்சம் தளர்த்தினார். கோடு பொத்தென்று விழுந்தது. இத்தனை நாளும் ஒளியை முறுக்கியது, அழுத்தம் தாங்காத அந்தக் கண்ணாடிதான். எலக்ட்ரான்கள் பாவம், தம் போக்கில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

“பதவிய அடுத்த தடவ பாக்கலாம் சார்,” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது, புதுப் பெயர்ப்பலகை அவருக்கு முன்பே வந்து கூடத்தில் சாய்ந்திருந்தது. மனைவி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

“என்கிட்ட ஆராய்ச்சி பண்ற அந்தப் பொண்ணு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்,” என்றார் சார்.

“நானும் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டுதான் இருக்கேன்,” என்று சர்க்கரை டப்பாவை அவர் முன் நகர்த்தினார் மனைவி. “முதல்ல இதத் திறங்க.”

சார் மூச்சைப் பிடித்துத் திருகினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். காபியைக் கசப்பாகவே குடித்து முடித்தார். பிறகு, மூடி சரியாக இருக்கிறதா என்று டப்பாவை ஒரு பார்வை பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கி வைத்தார்.