படிக்கட்டு குறைந்த கல்லூரி

அவர் பட்டாளத்தில் ஒரு கால் போய்த் திரும்பியவர். மலேசியாவில் எங்கள் பீடோங் ஊர்க் காப்பிக்கடையில் எப்போதும் வாசலைப் பார்த்தே உட்காருவார். மரக்காலில் மாட்டிய பூட்ஸையும் மற்றதைப் போலவே பளபளவென்று துடைத்திருப்பார்.

சர்க்கார் செலவில் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போகிறாராம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியான எனக்கும் பல வருஷமாக அதே கனவுதான். அங்குள்ள சட்டக் கல்லூரிகளின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"எந்த காலேஜ் தம்பி?" என்று வயிறெரியக் கேட்டேன்.

"படிக்கட்டு கம்மியா உள்ளதா பாக்கறேன் அண்ணே. மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்லா."

எல்லாம் ஒன்றுதானாம்! காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஆத்திரத்தில் எஸ்டேட் ஆபீஸ் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். என் நல்ல கால்கள் இரண்டும் என்னை அதே பழைய மேசையில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தன.