பதினோரு விமர்சனங்களும் பொன்முடி இறக்கமும்

கல்லூரி நாளிலிருந்தே எனக்கு இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மேல் பைத்தியம். புதிதாக வாங்க என் சம்பளம் இடம் கொடுக்காது. ஏழு வருடம் ஓடிய ஒன்று, சாதாரணப் புதுக் கார் ஒன்றின் விலைக்கே திருவனந்தபுரத்தில் கிடைக்கிறது என்று தெரிந்ததும் தூக்கம் போனது. நிபுணர்களின் விமர்சனங்கள் பதினொன்றைப் படித்தும் பார்த்தும் ஓர் அட்டவணை போட்டேன். ஸ்டியரிங் 9, பிரேக் 9, இருக்கை 6, டிக்கி 3. அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, நவம்பரில் ஒரு சனிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏறினேன். பழைய ஸ்போர்ட்ஸ் காரை மலையில் ஓட்டிப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் மானம் போகிற கதை, பரவாயில்லை.

காலை 8.10க்குத் தம்பானூரில் இறங்கினேன். கோட்டைப் பக்கம் போக ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். அக்ரகாரத் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு சிவப்பாக நின்றது கார். சொந்தக்காரர் மீனாட்சி, வங்கி அதிகாரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். மும்பைக்கு மாற்றலாகிவிட்டதால் விற்கிறார். நான் அட்டவணையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், "நன்னா இருக்கு. பொன்முடி ஏறி இறங்கிட்டு வருவோம், அப்புறம் பேசலாம். நீங்களே ஓட்டுங்கோ" என்றார்.

தம்பானூரிலிருந்து பொன்முடி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரை தாண்டி, கல்லாற்றுக்கு அப்புறம் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை உண்டு. ஏற்றத்தில் நான் ராஜா. பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் எந்த நிபுணர் என்ன சொன்னார் என்று ஒப்பித்தேன். மேடம் "ம்" கொட்டினார். 11.20க்கு உச்சியில் டீ குடித்தோம். காரை மனதுக்குள் வாங்கியே விட்டேன்.

இறங்கும்போது மூடுபனி வந்துவிட்டது. சாலை நனைந்திருந்தது. மூன்றாம் கியரில் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடி உருட்டினேன். பதினெட்டாம் வளைவில் ஏதோ கருகும் வாசனை. அழுத்தி ஓட்டினால் இந்த வாசனை வரும், பயப்பட வேண்டாம் என்று ஒரு விமர்சகர் சொல்லியிருந்ததால் பேசாமல் இருந்தேன். மேடத்தின் கை கதவின் பிடியை இறுக்கியதைப் பார்த்தேன். பதினைந்தைத் தாண்டியதும் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. கார் நிற்கவில்லை. எதிரே பனிக்குள் பஸ்ஸின் விளக்கு இரண்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

"ரெண்டுல போடுங்கோ! பிரேக்கை விட்டுடுங்கோ, ரெண்டு!"

போட்டேன். இன்ஜின் அலறி வேகம் குறைந்தது. "இப்ப ஒண்ணு. இடப்பக்கம் ஒதுக்குங்கோ" என்றபடி ஹேண்ட் பிரேக்கை அவரே மெல்ல மெல்ல இழுத்தார். பதினான்காம் பலகைக்குப் பத்தடி முன்னால் கார் நின்றது. பஸ் உரசாத குறையாக ஏறிப் போனது. மிதியிலிருந்து காலை எடுக்கத் தெரியவில்லை எனக்கு.

சாலையோரம் வந்துகொண்டிருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்சக்கரத்துக்கு அடியில் கல்லைக் கொடுத்தார். "கல்லு வச்சாச்சுண்ணே, காலை எடுங்க. காலையில பாட்டுப் போட்டுக்கிட்டு ஏறுனது நீங்கதானே?" என்று சிரித்தார். சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்றும் கேட்டார். "ஐயோ வேண்டாம், சூட்டுல தண்ணி பட்டா பிரேக் டிஸ்க் வளைஞ்சுடும்" என்று மேடம் தடுத்தார். நாற்பது நிமிடம் ஆறவிட்டு, மிதி பழையபடி இறுகியதைப் பார்த்துக்கொண்டு, அவரே மீதி வளைவுகளை ஓட்டி இறக்கினார்.

கல்லாற்றில் நிறுத்திச் சொன்னார்: "வண்டி உங்களுக்குத் தரல்லை. கோவிச்சுக்காதேங்கோ. ஏறறச்சே எல்லாரும் நன்னாத்தான் ஓட்டறா. இறக்கத்துலயாக்கும் ஆளைத் தெரியறது. நீங்க உருண்டேள்னு மும்பைலேர்ந்து நான் கேக்கணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. வாங்குகிறவன் நான், பரீட்சை வைக்க இவர் யார்? ஆனால் வாயைத் திறந்தபோது, "இன்னொரு தடவை ஓட்டிக் காட்டலாமா மேடம்?" என்றுதான் வந்தது.

"வர்ற சனிக்கிழமை வரைக்கும் வேற யாருக்கும் காட்டல்லை. அதுக்குள்ள பஸ்ஸுல ஒரு தடவை மலை இறங்குங்கோ. டிரைவரோட கையைப் பாருங்கோ, அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பொன்முடிக்குப் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைத் தம்பானூரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டிரைவருக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். அவர் வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றவே இல்லை. பலகை கண்ணில் பட்டதுமே குறைத்துவிட்டார். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டார். நான் பார்த்த பதினோரு விமர்சனங்களிலும் கார் மலை ஏறுகிறது, உச்சியில் நிபுணர் கையை விரித்துச் சிரிக்கிறார், அத்தோடு முடிகிறது. யாரும் இறங்குவதைக் காட்டவில்லை. நானும் தேடவில்லை. மதிப்பெண் எல்லாம் சரிதான், பிரேக்குக்கு ஒன்பது நியாயமான மார்க். அதில் காலை வைத்தவனுக்குத்தான் யாரும் மார்க் போடவில்லை. ஆகவே நீங்கள் ஓட்டிப் பார்ப்பதானால் இறக்கத்தில் பாருங்கள், கருகல் வாசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சனிக்கிழமை மறுபடியும் அதே உச்சி, அதே பனி. பாட்டுப் போடவில்லை. அட்டவணை வீட்டில் இருந்தது. இரண்டாம் கியரில், பலகை பலகையாக எண்ணிக்கொண்டு இறங்கினேன். உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பதினெட்டு, பதினேழு, பதினாறு. மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்புச் செய்கிறேனோ, இந்த முறையும் போச்சோ என்று தோன்றியது. பதினான்கைத் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

மீனாட்சி மேடம் கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கை மடியில் கிடந்தது. கல்லாறு வரை நான் அவரை எழுப்பவில்லை.