ரம்பத்துக்குத் தோல் சட்டை

எங்கள் அப்பாவுக்கு ஒரு பொருள் நன்றாக இருந்தால் பொறுக்காது. அதை இன்னும் நன்றாக ஆக்கிவிட வேண்டும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவில் அவருக்கு வேலை. துண்டுத் தோல் கொஞ்சம் கையில் கிடைத்துவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் எந்தச் சாமானுக்கு யோகமோ தெரியாது. சாவிக்கொத்துக்குத் தோலில் உறை, டார்ச் லைட்டுக்குத் தோலில் உறை, என் ஜாமெட்ரி பாக்ஸைக்கூட விட்டுவைக்கவில்லை. வகுப்பில் அதை வெளியே எடுத்தால் 'ஷூ வருது, ஷூ வருது' என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னால், "பொறாமைல சொல்றாங்க, வுடு" என்பார்.

வீட்டில் ஒரு ரம்பம் இருந்தது. அம்மாவுடையது. அம்மாவின் அப்பா அணைக்கட்டு என்கிற ஊரில் தச்சு வேலை செய்தவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அவர் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. ரம்பம் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், யாரிடமிருந்தோ அவர் கைக்கு வந்தது. கையை உள்ளே விட்டுப் பிடிக்கிற மாதிரி வளைத்துச் செய்த மரப்பிடி, அதில் பித்தளைத் திருகாணிகள். அவர் இறந்த பிறகு மாமாக்கள் நிலத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது, எனக்கு இது போதும் என்று அம்மா ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "மத்த பொம்பளைங்க பொறந்த வூட்லேர்ந்து அண்டா குண்டான் எடுத்தாருவாங்க. இவ ரம்பம் எடுத்தாந்தா. நான் பயந்தே பூட்டேன்."

அம்மா அதை வைத்து ஒரு குச்சி அறுத்துக்கூட நான் பார்த்ததில்லை. ரம்பம் ஆணியில் தொங்கும். எப்போதாவது இறக்கி, துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். தடவிய பிறகு பிடிக்குள் கையை விட்டு, கட்டைவிரலை ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த இடத்தில் மரம் குழிந்து, கறுத்து, பளபளவென்று இருக்கும். எண்ணெய் ஊற நேரமாகும்போல என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பின்கதவு ஊதிக்கொண்டு சாத்த வரவில்லை. அப்பா ரம்பத்தை இறக்கிக் கதவின் அடியை அறுக்கப் போனார். அலகு பாதியில் சிக்கிக்கொண்டது. மெல்ல அசைத்து எடுக்கிற ஆளா அவர்? பலங்கொண்ட மட்டும் இழுத்தார். படக்கென்று பிடி உடைந்து ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. கதவு மட்டும் அப்படியே நின்றது.

அம்மா கத்தியிருந்தால் தேவலை. அப்பா கையிலிருந்து துண்டை வாங்கி முந்தானையில் துடைத்தாள். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேச்சு மட்டும் இல்லை. அப்பாவுக்கு இதைவிடப் பெரிய பேஜார் உலகத்தில் கிடையாது. என்னிடம் பேசுவதுபோல அம்மாவுக்குக் கேட்கும்படி, புதுசு மாதிரி பண்ணித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மா வாயைத் திறந்தாள்.

"புதுசெல்லாம் வேணாம். ஒட்டிக் குடுங்க, அது போதும்."

அவள் பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில், என்ன பேசினாள் என்பது அப்பாவின் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் உடைந்த இடத்தில் மரப்பசை பூசி, பொருத்தி, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கக் கட்டிவைத்தார். மறுநாள் அம்மா அணைக்கட்டுக்கு, மாமா வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டாள். நானும் அப்பாவும்தான் வீட்டில். டியூபை அவிழ்த்துப் பார்த்தால், அடேயப்பா, விரிசல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இழுத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். கல்மாதிரி நின்றது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது எங்கள் அப்பாவா?

"இத்தோட வுட்டா கம்மி. உங்கம்மா அசந்துடணும்" என்று சொல்லி, பையிலிருந்து காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு தோலை எடுத்தார். பிடி முழுக்க அதைச் சுற்றி ஒட்டிவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஒட்டுவதற்கு முன்னால் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கம்பெனியில் இதற்கு ரஃபிங் என்று பேர். வழவழப்பின் மேல் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் நிற்காது. தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் பிடிக்கும். ரஃபிங் சரியில்லாமல் ஷூ வாய் பிளந்து திரும்பி வந்து, சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் கத்தின கதையைத் தேய்த்துக்கொண்டே மறுபடி ஒருமுறை சொன்னார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பெல்லாம் போய் வெளிறின மரம் தெரிந்தது.

"எவ்ளோ அழுக்கு பாத்தியா?"

"ஆமாம்பா!" என்றேன். எனக்கும் அப்போது அழுக்காகத்தான் தெரிந்தது. குழிந்த இடத்தையும் விடாமல், சுற்றிலும் தேய்த்து மட்டமாக்கினார்.

பிறகு சொல்யூஷன் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவைத்து, தோலை இழுத்துப் போர்த்தி, சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி ஒட்டினார். ஓரத்தை உள்பக்கமாக மடித்து, மெழுகு நூலில் தையல் போட்டார். என்னிடம் கொடுத்து செக்கிங் பண்ணச் சொன்னார். நானும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பி, "பாஸ்!" என்றேன். அவ்வளவு அழகாக இருந்தது. இன்றைக்கும் சொல்வேன், அப்பா செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை.

சாயங்காலம் அம்மா கை நிறைய வளையலோடு வந்தாள். அப்பா ரம்பத்தைப் பின்னால் மறைத்துவைத்திருந்து நீட்டினார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாங்கி, எப்போதும்போலப் பிடிக்குள் கையை விட்டாள். அவள் கட்டைவிரல் தோலின் மேல் போய், நின்று, நகர்ந்து, திரும்ப வந்தது. தொலைந்த சில்லறையைத் துழாவுவதுபோல இருந்தது.

"உள்ள மரம் அப்படியேதான இருக்கு?"

"அப்படியே இருந்தா எப்படிப் புடிக்கும்?" அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வழுவழுன்னு குழியா கெடந்துச்சே, அத்தெல்லாம் நல்லா தேச்சு ரஃபிங் பண்ணிட்டேன். ஆயுசுக்கும் கழலாது பாரு."

அம்மா ரம்பத்தோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்பா பதறிப்போனார். "இன்னாச்சு? கலரு புடிக்கலயா? வேற தோல் போட்டுத் தர்றேன்..."

"அதுல எங்கப்பா கை இருந்துச்சுங்க" என்றாள் அம்மா.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார்.

எனக்கு அப்பாவைப் பார்க்க ஒரே பாவமாக இருந்தது. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பாடுபட்டவரைப் பாராட்டாமல் இந்த அம்மா ஏன் இப்படி அழுகிறாள் என்று கோபம்கூட வந்தது. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"தேச்ச தூள எங்க போட்டீங்க?"

நல்ல வேளை, இதையாவது கேட்டாளே என்று எனக்கு உயிர் வந்தது. வேலை முடிந்தால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அம்மா எனக்கு ஓயாமல் சொல்வது.

"நானே பெருக்கிக் கால்வாய்ல கொட்டிட்டேம்மா. தண்ணி ஊத்திக் கழுவியும் வுட்டுட்டேன். ஒரு பொட்டு இருக்காது, வேணா போய்ப் பாரு!"

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டு, மூச்சு முட்டக் கட்டிக்கொண்டாள். நான் அப்பாவை ஜம்பமாகப் பார்த்தேன். வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்ததற்காகத்தான் அந்தக் கட்டிக்கொள்ளல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.