அந்தோணிசாமி சாரின் சனிக்கிழமைப் பதிவுகள்

எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில், தேர்வுக் கால அட்டவணைக்குக் கீழே அந்தச் செய்தி வந்திருந்தது. கணித ஆசிரியர் அந்தோணிசாமி சார் காலையில் மாரடைப்பால் காலமானார். திருவரங்குளத்தில் பேருந்துக்கு நின்றிருந்த நான் அட்டவணையைத்தான் முதலில் படித்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கு, தனியாகச் சாப்பிட்டு, தனியாக விடைத்தாள் திருத்தும் மனிதராகத்தான் அவரைத் தெரிந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, பார்வையற்ற மாணவர்களுக்காகத் தமிழ்ப் பாடங்களை ஒலி நாடகமாக்க நான் ஆள் தேடும்வரை. "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல பதியலாம், வாங்க" என்றார். அப்புறம் மூன்று வருடம், சனிக்கிழமைதோறும் நான், ஓவிய ஆசிரியை, அறிவியல் ஆசிரியர் மூவரும் திருக்கோகர்ணத்தில் அவர் வீட்டில் கூடினோம். சத்தம் இருக்கக் கூடாதென்று அவர் மனைவி மேரி அக்கா அன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார்.

முதல் பதிவு சிரிப்பாய்ச் சிரித்தது. மூன்று மைக்கையும் தனித்தனியாகக் கணினியில் செருகியிருந்தார். பதிந்ததைப் போட்டுக் கேட்டால், நேரம் போகப் போக, நான் கேள்வியை முடிக்கும் முன்பே ஓவிய ஆசிரியை பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு மைக்கும் ஒரு கடிகாரம் வச்சிருக்கு டீச்சர். ஒண்ணுக்காக ஒண்ணு நிக்காது" என்றார் சார். அடுத்த வாரம் எல்லா மைக்குகளையும் ஒரே பெட்டியில் செருகி, அந்தப் பெட்டியைக் கணினியோடு இணைத்திருந்தார். எங்கள் குரல்கள் திரையில் ஆளுக்கொன்றாக மூன்று கோடுகளாக, ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்ந்து ஓடின.

என் அம்மா இறந்த மாதம், ஒரு பாடத்தில் மகள் தாயை வழியனுப்பும் காட்சி வந்தது. படிக்க முடியாமல் உடைந்து அழுதேன். "என் குரல் கோட்டை மட்டும் அழிச்சிருங்க சார், நான் திரும்பப் படிச்சுத் தாரேன்" என்றேன். ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க அழுகை எல்லார் மைக்லயும் விழுந்திருக்கு. ஒங்களத் தனியா விட்டுட்டு என்ன பண்றது? எல்லாருமாப் படிப்போம்." அன்று நான்கு முறை படித்தோம். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு மற்ற இருவருக்கும் மாற்றல் வந்தது. பதிவு நின்றது. பள்ளியில் சார் பழையபடி ஆனார். நானும் அவர் மேசைப் பக்கம் போய் உட்காரவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை.

அவர் சொந்த ஊரான கட்டுமாவடியில் அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மேரி அக்கா போன் செய்தார். "அவுக குரலு ஒங்ககிட்ட இருக்குமா டீச்சர்? எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

என்னிடமும் இல்லையென்றுதான் நினைத்தேன். அவர் ஒரு வசனமும் பேசியதில்லை. கணினி முன்னால்தான் இருப்பார். ஆனாலும் அவர் எனக்குப் பிரதி எடுத்துத் தந்திருந்த, வெட்டாத பழைய பதிவுகளைத் திறந்து, என் மைக்கின் கோட்டை மட்டும் ஓடவிட்டேன். நான் பேசாத இடங்களில், தூரத்தில் அவர் இருந்தார். எங்களைக் கிண்டல் செய்தார், அதட்டினார், ஓவிய ஆசிரியை உளறியதற்கு வாய்விட்டுச் சிரித்தார்.

அவற்றை ஒரு பென் டிரைவில் சேர்த்தெடுத்துக்கொண்டு திருக்கோகர்ணம் போனேன். மேரி அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். மெதுவாகக் கழற்றினார்.

"அவுகதான். ஆனா, வீட்டுல இப்புடிப் பேசுனதில்ல டீச்சர். இந்தச் சிரிப்ப நான் கேட்டதே இல்ல."

பென் டிரைவை நீட்டினேன். "நீங்களே வச்சுக்கங்க" என்று என் கையை மூடிவிட்டு, காபி போட எழுந்து போனார்.

சாரின் சிரிப்பு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை யாரோடு சேர்ந்து கேட்பதென்றுதான் தெரியவில்லை.