மூன்றாவது கொட்டாவி

பெரிய டீச்சர் என்று பெயர்தானே தவிர, மைக்கின் கழுத்தை வளைத்து இறக்கினால்தான் அவர் வாய்க்கு எட்டும். அந்த ஆரம்பப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக அன்று அவருக்குக் கடைசி நாள். மேடை நாற்காலியில் கால் தரையில் படாமல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவரும் வந்து புகழ்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 'பொறுமையின் சிகரம்' என்றார் பாட்டு வாத்தியார். அடப்பாவி மனுஷா! காலையில்தான் குழாயை மூடவில்லை என்று அவரைப் பிடித்து ஒரு காய்ச்சு காய்ச்சியிருந்தார் பெரிய டீச்சர். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒருமுறை பின்னால்கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த மேடைக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் தரையில் முன்வரிசையில் உட்காருவார்கள். அவர்களில் மூன்று பேர் கொட்டாவி விட்டால் மேஜை மேல் இருக்கும் கைமணியைத் தலைமையாசிரியை அடித்துவிடுவார். பேசுகிறவர் யாராக இருந்தாலும், பாதி வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு உட்கார வேண்டியதுதான். பெரிய டீச்சர் பதவிக்கு வந்த புதிதில் ஒரு விருந்தாளி ஒழுக்கத்தைப் பற்றிப் பேசு பேசு என்று பேச, எழுந்து போகப் பயந்த ஒரு சின்னப் பெண் உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டது. அவமானத்தில் பள்ளிப் பக்கமே வரமாட்டேன் என்று அடம்பிடித்த குழந்தையை வீடு தேடிப்போய்க் கெஞ்சிக் கூட்டிவர வேண்டியிருந்தது. அன்றைக்குப் போட்ட சட்டம் அது. கல்வி அதிகாரி ஒருவர் பேச்சுவாக்கில் தம் இளமைக்காலத்துக்குள் நுழைந்தபோது மணி அடித்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதுவும் நல்லதாகவே போயிற்று.

இனி அந்த மணி நாலாம் வகுப்பு டீச்சர் கைக்குப் போகிறது. நாளையிலிருந்து அவர்தான் தலைமையாசிரியை. கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே மன்னிப்புக் கேட்கும் ரகம் அவர். 'நல்லவங்கதான், ஆனா வாயில்லாப் பூச்சியாச்சே' என்று பெற்றோர் சங்கத் தலைவர் இழுத்தார். 'மணிக்கு வாய் இருக்கு, அது போதும்' என்று ஒரே போடாகப் போட்டு அவரையே நியமிக்க வைத்தவர் பெரிய டீச்சர். போட்டுவிட்டாரே தவிர, அன்றிலிருந்து அவருக்கே பயம்தான். இந்தப் பெண் யாரையும் எதிர்த்து மணி அடிக்கவில்லை என்றால், வருகிறவன் போகிறவனெல்லாம் பிள்ளைகள் தலையில் ஏறி உட்காருவானே!

அதனால் காலையிலேயே மணியைக் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு யார் பேசினாலும் சரி, அடிச்சிடணும். நானா இருந்தாலும்."

"ஐயோ, உங்களுக்குப் போயா டீச்சர்!"

"எனக்கு அந்தத் தேவையே வராது. நாலே வரிதான் பேசப்போறேன்."

இதே நாலு வரியை வீட்டுக்காரரிடமும் சொல்லியிருந்தார். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மனிதர் நிமிரக்கூட இல்லை. "உப்பு எங்க இருக்குன்னு சொல்லவே உனக்கு நாப்பது வரி ஆகுமே. இத்தனை வருஷமா இந்த வீட்டுல மணி அடிக்க ஆளில்லாம போச்சு."

மைக் முன்னால் நாலு வரியும் நல்லபடியாகவே முடிந்தன. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கைதட்டினார்கள், அதுதான் வினை. சாமான் அறைக்குள் தாமே பூட்டிக்கொண்டு மாட்டிக்கொண்ட கதையை எடுத்துவிட்டார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெளியே நின்று, 'தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கு டீச்சர்' என்று சொல்லிக்கொடுத்த கதை. கூடமே சிரித்தது. சிரிப்பு தலைக்கேறியது.

முதல் கொட்டாவி வந்தது. பாவம், ராத்திரி தூங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது வந்தபோது, பல் விழுந்ததைக் காட்டுகிறானாக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மூன்றாவது, எந்தச் சாக்குக்கும் இடம் கொடுக்காத அளவுக்கு அகலமாக வந்தது. ஓரக்கண்ணால் மணியைப் பார்த்தார். நாலாம் வகுப்பு டீச்சர் கைக்குட்டையும் கையுமாக, இவர் முகத்தையே பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு. 'அடிடி' என்றது ஒரு மனது. 'அடிச்சுத் தொலைச்சிடாதடி' என்றது இன்னொன்று. வெட்கக்கேடு, இரண்டாவதுக்குத்தான் குரல் பெரிது. நாமே நிறுத்திவிடலாமே என்றும் தோன்றியது. நாமே நிறுத்திவிட்டால் இவளுக்குத் துணிச்சல் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? மைக்கை விட மனமில்லாதவளுக்கு என்ன அருமையான நியாயம்! தொடர்ந்து பேசினார்.

"கடைசியா உங்க எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அது என்னன்னா..."

மணி அடித்தது. கணகணவென்று, கூடம் அதிர அடித்தது.

பெரிய டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கேவா! திரும்பினால், நாலாம் வகுப்பு டீச்சர் மேடையில் இல்லை. மணியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி, முன்வரிசையில் முழங்காலை முழங்காலோடு இறுக்கிக்கொண்டு நெளிந்த ஒரு சின்னப் பெண்ணை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, கழிப்பறைப் பக்கம் பறந்துகொண்டிருந்தார்.

அந்தக் குழந்தை பெரிய டீச்சரின் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. கொட்டாவியை எண்ணத் தெரிந்த மகராசிக்கு அது தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவள் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் கைதட்டினார்கள், எப்போதும் போல மணிக்குத்தான். பெரிய டீச்சர் வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தார். நெஞ்சு நிறைந்து, மூக்கை உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் நாலாம் வகுப்பு டீச்சர் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். ஏதோ முக்கியமா சொல்ல வந்தீங்க."

"அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. பாப்பாவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தியா?"

"சேர்த்துட்டேன் டீச்சர்."