எட்டு ராணிகள்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வில், கணக்கில் அவர் சொன்ன மதிப்பெண் எடுத்தால் நான் விண்ணப்பிக்கலாம்; இல்லாவிட்டால் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டு, துடியலூரில் அவருடைய மோட்டார் பட்டறையில் பில் போட உட்கார வேண்டும். என் படிப்புக்கு இவர் யார் நீதிபதி என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சரி என்றேன். கணக்கில் எனக்குத் திமிர் அதிகம்.

அதை அடக்கியது சீட்டுக்கட்டு. ஒரு கட்டிலிருந்து இரண்டு சீட்டு உருவினால் இரண்டுமே ராணியாக வர என்ன வாய்ப்பு? கட்டில் எத்தனை சீட்டு, எத்தனை ராணி என்று புத்தகம் சொல்லாது. உலகமே சீட்டாடி வளர்ந்ததாக அதற்கு நினைப்பு. நான் பிறந்த வீட்டில் பெண்பிள்ளை சீட்டைத் தொட்டால் குடும்பம் விளங்காது. ஆண்கள் நாள் முழுக்க ஆடலாம், அப்போது மட்டும் விளங்கும்.

வாராவாரம் மொட்டை மாடியில் கூட்டாளிகளோடு ரம்மி ஆடுபவரிடமே கேட்டேன்.

"ஏனுங்க, கட்டுல எத்தன சீட்டுங்க?"

"நூத்தி நாலு." போனிலிருந்து தலை நிமிரவில்லை.

"ராணி?"

"எட்டு. தொணதொணங்காத அம்மணி."

மாதிரித் தேர்வில் சீட்டுக் கணக்கு மூன்று வந்தது. நான் போட்ட விடை, கொடுத்திருந்த விடைகளில் இல்லவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டதில் நேரம் போய், மதிப்பெண்ணும் போனது. விடைப் பக்கத்தைப் புரட்டினால் ஐம்பத்திரண்டு சீட்டு, நாலு ராணி என்றிருக்கிறது.

அவரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ரம்மிக்கு ரெண்டு கட்டக் கலந்துதான ஆடுவோம். படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியலியா? செரி, பேசுனது பேசுனதுதான். நாளைக்குப் பட்டறைக்கு வந்துரு."

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கூட்டாளிகள் வந்தார்கள். டீ கொண்டுபோய் வைத்தேன். ஆட்டத்தில் ஒரு கட்டுக்கு நீல முதுகு, இன்னொன்றுக்குச் சிவப்பு.

"நீலச் சீட்டையெல்லாம் குடுங்கண்ணா."

நான் கை நீட்டியதில் மிரண்டு, வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டார்கள். இவரும் முணுமுணுத்தபடி கீழே போட்டார். நடுவில் குவிந்து கிடந்ததிலும் நீலத்தைப் பொறுக்கினேன்.

"அம்மணி, ஒத்தக் கட்டுல நாங்க எப்படி ஆடறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"முடியாதுங்கல்ல? எனக்கும் ரெண்டு கட்டுல பரீட்ச எழுத முடியலீங்க. நாளைக்கு வேற தாள எடுத்து மறுபடியும் எழுதறேன். அது முடியற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்."

அங்கேயே நின்று எண்ணினேன். ராணி மூன்றுதான் இருந்தது. நாலாவது அவர் விரலிடுக்கில் நீல முதுகோடு தெரிந்தது. கூட்டாளிகள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"குடுங்க."

"செரி, எழுது" என்று கொடுத்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.