பனிச்சுவரை ஒட்டி மூன்று குப்பிகள்

ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் இருபது வருஷமாகக் குளிர்பெட்டி பார்க்கிறவருக்கு நர்சுகள் வைத்த பெயர் ‘ஐஸ்’. வாய் மட்டும் எப்போதும் சூடு. எந்த டாக்டர் யாருக்காகத் தலைக்கு மை அடித்துக்கொண்டு வருகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவருடைய தங்கை புருஷன் மேல்மாடி வார்டில் கிடந்தார். கல்லீரலில் வைரஸ். சாதாரண ஊசி மருந்து உடம்பெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, கல்லீரலுக்குப் போவதற்குள் கரைந்துபோனது. போகிற வழியில் சிறுநீரகத்தையும் பதம் பார்த்தது. கடைசியில் வெளியிலிருந்து மூன்று குப்பி நானோ மருந்து வரவழைத்தார்கள்.

“கண்ணுக்கே தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள மருந்தை அடைச்சிருக்கு. நேரா கல்லீரல்ல போய்தான் இறங்கும்,” என்றார் டாக்டர்.

“உன்னை மாதிரி வழியில நின்னு வம்பு பேசாதுன்னு சொல்றார் மச்சான்,” என்றார் படுத்திருந்தவர்.

சொந்த மச்சான் மருந்தை ஊரார் மருந்தோடு வைக்க மனசு வருமா? குளிர்பெட்டியின் பின்சுவரில் பனி பூத்திருக்கும். அதை ஒட்டி வைத்தார் ஐஸ். குளிர் கூடினால் பத்திரமும் கூடும் என்பது அவர் கணக்கு. உறையக் கூடாது என்று அட்டையில் இருந்தது. ஃப்ரீஸரிலா வைத்தோம் என்று விட்டுவிட்டார்.

காலையில் மூன்றும் கல். உள்ளங்கையில் பொத்தி உருக்கினார். பால் போலிருந்த மருந்து திரிதிரியாகப் பிரிந்து நின்றது. உருண்டைகள் உடைந்து ஒட்டிக்கொண்டுவிட்டன. குலுக்கினார். கலங்கியதே தவிர, சேரவில்லை.

“குடுங்கண்ணா, மேல வார்டுல டாக்டர் கத்துறார்,” என்று தட்டோடு வந்து நின்றாள் நர்சு.

பேசாமல் கொடுத்துவிடலாம். கைகூட நீண்டுவிட்டது.

“ஏத்தாதம்மா. உறைஞ்சு போச்சு. நான்தான் கெடுத்தேன்.”

அடுத்த குப்பி வரப் பதினைந்து நாளாகும். அதுவரை தாங்குவாரா என்று ஐஸ் கேட்டதற்கு, டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு வாரமே பெரிசு.”

வராந்தாவில் நின்ற தங்கை அழவில்லை.

“வேற எவனாவது செஞ்சிருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பேண்ணா. போ, நீயே அவர்கிட்ட சொல்லு.”

உள்ளே மச்சான் சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டு, நோஞ்சான் கையை நீட்டித் தயாராக வைத்திருந்தார்.

“என்ன மச்சான், நீ மட்டும் வர்றே? ஊசி போடுற பொண்ணு எங்க?”

ஐஸ் கட்டிலோரம் உட்கார்ந்து, மடித்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட ஆரம்பித்தார்.